வாய் கட்டும் வேளையின் ஒலிபரப்பு

மகன், நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, உங்கட காதுக்கு இனி ஏலா. இந்த முறை கோயில் ஒலிபரப்பை விட்டிருங்க. இல்லாட்டி எல்லாத்தையும் ஓட்டோமட்டிக்கில போட்டுத் தாறன்" என்றாய். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. நான் சொல்லி முடிக்கும் வரை நீ இடையில் புக முடியாது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விடப்போவதில்லை. இந்த வருடத் திருவிழாவின் கடைசி நாள் மதியப் பூசையை நான்தான் ஒலிபரப்பப் போகிறேன். பூசகரான கப்புகனார் வாய் கட்டிப் பூசை செய்யும் அந்த நேரம் முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல், ஒரு பாட்டும் போடாமல் ஒலிபரப்பப் போகிறேன். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் கீழே சொல்கிறேன். இதை நம் வானொலியின் பக்கத்திலும் போடுவேன். கேட்கிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாத சில விஷயங்களையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று முகம் சுளிக்காதே.

இன்னும் சில கிழமைகளில், திருவிழாவுக்கு முன்பே, உனக்குக் கல்யாணம். நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் மாறிப் போகவேண்டும். நீ தர்சினியின் வீட்டுக்குப் போகிறாய். களுதாவளை என்ன கடல் தாண்டிய இடமா, நினைத்தால் பின்னேரம் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். ஆனாலும் போவது போவதுதான். வேறொரு வீட்டின் கதவைத் திறந்து உள்ளே போய், அந்த வீட்டுக்காரனாக இருக்கவேண்டும். அதைப் பற்றியும் உன்னிடம் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. அவையும் இந்த ஒலிபரப்பு விஷயமும் என் மனதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்து எழுத முயன்றேன், வரவில்லை.

கேட்கிறவர்களுக்காக: நம் வானொலி என்பது வீட்டின் முன் அறை, இரண்டு மைக், ஒரு மிக்ஸர், ஒரு லப்டொப், கூரையில் ஒரு இணைய அன்டனா. அவ்வளவுதான். பகுதிநேர அறிவிப்பாளராக இருபது வருடம் மற்றவர்களின் நிலையங்களில் வாசித்த எனக்கு, நீ படித்து முடித்து வந்ததும் கட்டித்தந்த சொந்த நிலையம். சுவிஸிலும் லண்டனிலும் டோஹாவிலும் இருக்கிற நம் ஆட்கள் கேட்கிறார்கள். மரண அறிவித்தல், மழைச் செய்தி, பழைய நேர்காணல்கள், திருவிழா. எல்லாவற்றிலும் அவர்கள் அதிகம் காத்திருந்து கேட்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிற நம் கோயிலின் கடைசி நாள் பூசையை.

அந்தப் பூசையில் மந்திரம் இல்லை. கப்புகனார் வெள்ளைத் துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். அவர் முடிச்சுப் போட்டதும் மணி நிற்கும், பறை நிற்கும், ஒலிபெருக்கி நிற்கும். வெயிலில் நிற்கிற அத்தனை சனமும் வாய் மூடும். கைக்குழந்தையைக்கூடத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு தூரப் போய்விடுவார்கள். திரை அசையும் வரை அப்படித்தான். அசைந்ததும் பெரிய மணி, பறை, அரோகரா, பெண்களின் குரவை, எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் போல இன்னொன்றை நான் எங்கும் கேட்டதில்லை.

பல வருடமாக நான் என்ன செய்தேன்? அந்த நேரம் பூராவும் பேசினேன். கோயிலின் வரலாறு, வாவியின் அழகு, வந்திருக்கிற சனத்தின் தொகை. வானொலியில் சத்தம் நின்றால் நிலையம் செத்துப்போனதாக நினைப்பார்கள் என்பதுதான் எனக்குத் தரப்பட்ட முதற்பாடம். அதை நான் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. மந்திரமே சொல்லாத பூசைக்கு முன்னால் நின்றுகொண்டு மைக்கில் மூச்சுவிடாமல் பேசுவதிலுள்ள கூத்து எனக்கு உறைக்கவேயில்லை. உறைக்க வைத்தது சுவிஸிலிருந்து வந்த ஓர் அழைப்பு. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிற ஓர் அக்கா.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்க. அந்த நேரம் நீங்க என்னத்துக்குக் கதைக்கிறீங்க?"

"கதைக்காட்டி லைன் கட்டாகிட்டு எண்டு நினைப்பீங்களே அக்கா."

"நாங்க அங்க பொறந்த ஆக்கள் புள்ள. வாய் கட்டின நேரம் கதைச்சு அம்மாட்ட அடி வாங்கின ஆக்கள். நீங்க மட்டும் எப்பிடி அடி வாங்காமத் தப்பினீங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மெஷின் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டு நிண்டு கேக்கிறன் தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் அப்பிடி நிப்பாட்டலாம். எனக்கு நம்மட ஊர் பேசாம இரிக்கிறத்தைக் கேக்கணும்."

அதனால்தான் போன வருடம் நான் வாயை மூடினேன். என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை நினைத்துத்தான் பயப்படுகிறாய். மின்சாரமும் இணையமும் போய்ப் போய் வருகிற ஊரில், சத்தம் சிறிது நேரம் நின்றால் லப்டொப் தானாக ஒரு பாட்டைப் போடும்படி நீ செய்து வைத்திருந்தாய். நல்ல ஏற்பாடுதான். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. இந்த முறை பேசமாட்டேன் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. நீ அன்றைக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு விழாவுக்கு ஒலியமைக்கப் போய்விட்டாய். கப்புகனார் முடிச்சுப் போட்டார். நான் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். என் ஹெட்போனில் மைக் பிடிக்கிறது மட்டும்தான் கேட்கும், வெளியே போவது கேட்காது. சனங்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்புவதைக் கண்ட பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன். வேலிக்கரையில் கச்சான் கடலை விற்கிற பெண் நம் ஒலிபரப்பைத் தன் போனிலிருந்து ஸ்பீக்கருக்குக் கொடுத்து வைத்திருந்தாள், பாவம், என் குரலைக் கேட்க. அதிலிருந்து டப்பாங்குத்துச் சினிமாப் பாட்டொன்று கோயில் வீதி முழுக்கக் கேட்டது. அவளுக்கு எதை அமத்துவது என்று தெரியவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கிக் கச்சான் குவியலுக்குள் புதைத்தாள். கச்சானுக்குள்ளிருந்தும் பாட்டு வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. மைக்கில் ஒருமுறை செருமினேன். பாட்டு நின்றது. பேசாமல் நின்றால் மறுபடி தொடங்கும் என்பதும் புரிந்தது. திரை அசையும் வரை நான் செருமிக்கொண்டே இருந்தேன். போதாக்குறைக்கு, சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்குகிற உன் கொம்பிரசர், சத்தம் குறைந்துவிட்டதே என்று நினைத்து, மடத்தடியில் ஓடிய ஜெனரேற்றரின் உறுமலைப் பிடித்து மேலே தூக்கிவிட்டது. அப்படித் தூக்கி வைத்திருந்த இடத்தில் பெரிய மணி விழுந்தது. சுவிஸ் அக்கா அன்று பின்னேரம் எடுத்தார். "தங்கச்சி, காதுக்குள்ள இடி விழுந்திட்டு. அது கிடக்கட்டும், உங்களுக்கு என்ன, சளியா?"

கோயில் நிர்வாகத்துக்குத் தலைவரான வண்ணக்கர் அக்கா மாதிரிச் சிரிக்கவில்லை.

"ஆரு புள்ள அந்தப் பாட்டுப் போட்ட?"

"மெஷின், ஐயா."

"மெஷினுக்கு அறிவில்லையா?"

"அதுக்கு மௌனம் தெரியாது ஐயா. லைன் அறுந்திட்டு எண்டு நினைச்சிட்டு."

"உங்களுக்கும் தெரியல்லத்தானே. தெரிஞ்சா இவ்வளவு காலமும் கதைச்சிருப்பீங்களா?"

இரண்டு பக்கத்தாலும் அடி.

இந்த வருடம் நிர்வாகம் கூடி, மறுபடி பாட்டு வந்துவிடக்கூடாதென்று, பூசை நேரம் இடைவிடாமல் பேசவேண்டும், இல்லாவிட்டால் ஒலிபரப்பே வேண்டாம் என்று சொன்னபோது நீ என்னைக் கேட்காமலே ஓம் என்றுவிட்டாய். அம்மாவுக்கு ஏலாவிட்டால் அவவின் குரலில் பதிவுசெய்த விளக்கத்தைப் போடுவோம் என்றும் சொல்லியிருக்கிறாய். எனக்கு அதில்தான் கோபம். காதைப் பற்றிச் சொன்னதில் இல்லை.

காதைப் பற்றி நீ சொன்னது உண்மை. பரிசோதனைக்கு நீதானே கூட்டிக்கொண்டு போனாய். அந்த டொக்டர் பிள்ளை எவ்வளவு அழகாக விளங்கப்படுத்தினா என்று உனக்கு நினைவிருக்கும். "அக்கா, காதுக்குத் தரையும் இரிக்கு, கூரையும் இரிக்கு. ஆக மெல்லிசாக் கேக்கிற சத்தம் தரை. அதுக்கு மேல தாங்க ஏலா எண்டுற சத்தம் கூரை. உங்களுக்குத் தரை மேல வந்திட்டு. கூரை மேல போகல்ல. நடுவில நிமிர்ந்து நிக்கிற இடந்தான் குறைஞ்சு போயிட்டு." இந்த வயதில் வந்திருக்க வேண்டியதில்லை, இவ்வளவு காலம் ஹெட்போனைக் கூட்டி வைத்ததற்கான கூலி என்றும் சொன்னா. மெல்லிய சத்தம் கேட்காமல் போவதுதான் செவிடு என்று நான் நினைத்திருந்தேன். பெரிய சத்தம் முன்பைவிட அதிகமாய் நோகும் என்பதும் அதே நோய்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது நான் காதுக்குள் போட்டிருக்கிற கருவியும் உன் கொம்பிரசரைப் போல ஒன்றுதான். சின்னதைத் தூக்குகிறது, பெரியதை அமத்துகிறது. போட்ட முதல் நாள் கோழிக்கு அரிசிக் குருணல் எறிந்தபோது கல்மழை பெய்கிறதென்று வெளியே ஓடி வந்தேன். அதனால், அம்மா இயந்திரத்துக்கு எதிரி என்று நினைக்காதே. கொழும்பு பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்து செய்தி கேட்கிறவனுக்குக் கொம்பிரசர் இல்லாவிட்டால் பாதி வசனம் காற்றோடு போய்விடும். கேட்கிறவனைச் சுற்றியும் இரைச்சல் இருக்கிறது, அதற்கு மேலே நாம் நிற்கவேண்டும். செய்திக்கு அது வேண்டும். மரண அறிவித்தலுக்கும் வேண்டும். வாய் கட்டும் வேளைக்கு வேண்டாம். அவ்வளவுதான் நான் சொல்வது.

பேசாமல் இருப்பது வெறுமை இல்லை என்று எனக்குக் காட்டியதே நீதான். எங்கே பதிவுசெய்யப் போனாலும், ஒருவரும் பேசத் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் கை காட்டி நிறுத்திவிட்டு அந்த இடத்தின் சும்மா இருக்கிற சத்தத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வாய். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது அம்மா, அது தெரியாமல் குரலை வெட்டி ஒட்ட முடியாது என்பாய். அந்தக் கோயில் வீதிக்கும் ஒன்று இருக்கிறது. மணலில் கால் மாற்றி வைக்கிற சத்தம், வளையல், திரையின் கரை காற்றில் தூணில் உரசுவது, வாவிப் பக்கமிருந்து ஒரு நீர்க்காகம், இத்தனை பேர் சேர்ந்து மூச்சு விடுவது. நான் பேசிப் பேசி மூடியது அதைத்தான்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணம் முடித்த புதிதில் அப்பா என்னோடு சண்டை பிடிக்கிறார் என்றே நினைத்தேன். தண்ணீர் கேட்டாலும் சத்தம், சோறு போதும் என்றாலும் சத்தம். ஒருநாள் அழுதுகொண்டிருந்தபோது உன் மாமி, அப்பாவின் தங்கச்சி, வந்து பார்த்துவிட்டுச் சிரித்தா. "மச்சாள், அண்ணன் இன்னும் மில்லுக்க நிண்டு கதைக்கார். நாலு மணிக்கு மில்ல நிப்பாட்டிட்டு வருவார், குரலை நிப்பாட்ட ஏழு மணியாகும்." அரிசி ஆலையின் இரைச்சலுக்குள் காலையிலிருந்து நிற்கிற மனிதன். இரைச்சலுக்கு மேலே வர அவர் உயர்த்திய குரல் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். எனக்கு அது விளங்கிய பிறகும், விளங்கியதைப் போல நடக்க வெகுகாலம் எடுத்தது. உண்மையான சண்டைகளும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேரங்களில் நான் ஒரு காரியம் செய்தேன். உனக்குக் கேட்கக்கூடாது என்று ரேடியோவைக் கூட்டி வைத்தேன். நீ முதலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் சும்மா ஒரு நல்ல பாட்டு வந்ததென்று கூட்டினேன். நீ புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, இப்ப ஆருக்கு ஆரோட கோவம்?" என்று கேட்டாய். நான் பாட்டை நிறுத்தினேன். நிறுத்தியதும் வீடு அமைதியானது. அந்த அமைதியும் உனக்குப் பிடிக்கவில்லை. எதையோ சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாய்.

அன்றிலிருந்து நீ அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச்சு நின்றால் உன்னால் தாங்க முடியாது. உடனே ஒரு பகிடி விடுவாய். ஊருக்கெல்லாம் நீ கலகலப்பான பிள்ளை. எனக்குத் தெரியும், அது எங்கே தொடங்கியது என்று. பெண் கேட்டுப் போன அன்று களுதாவளையில் நான் தர்சினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மா அவளிடம் ஏதோ கேட்டா. அவள் "எனக்கெண்டா..." என்று தொடங்கி, மூச்சை எடுத்தாள். அவ்வளவுதான். நீ உன் பாட்டைப் போட்டுவிட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அந்த வசனம் போய்விட்டது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உனக்குத் தெரியுமா? கேட்டாயா? நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அந்த வீட்டுக்குப் போனதும் உன் சத்தத்தின் மட்டத்தைக் கொண்டுபோய் அங்கே வைக்காதே. எந்த இடத்துக்குப் போனாலும் செய்வாயே, அதைச் செய். முதலில் பேசாமல் இருந்து அந்த வீட்டின் சத்தத்தைப் பிடித்துக்கொள். காலையில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு ஓடும்போது அங்கே எப்படிப் பேசுகிறார்கள், நின்ற பிறகு எப்படிப் பேசுகிறார்கள் என்று கேள். உன் மாமியார் மெல்லப் பேசுகிறவ. அவ கோபத்தையும் மெல்லத்தான் சொல்லுவா. உரத்துச் சொன்னால்தான் கோபம் என்று வளர்ந்தவன் நீ, அதனால் தவறவிட்டுவிடுவாய். தர்சினி பேச்சை நிறுத்தினால் லைன் அறுந்துவிட்டது என்று முடிவு செய்யாதே. பொறுத்திரு. எப்போதும் ஒரே உயரத்தில் பேசுகிற மனிதனுக்கு, உண்மையிலேயே ஒன்றைச் சொல்லவேண்டிய நாளில் ஏற இடமிருக்காது. அப்பாவுக்கு அது நடந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்டபோதும் அவர் கத்தித்தான் கேட்டார். கேட்டது மன்னிப்புத்தான் என்று எனக்கு விளங்குவதற்குள் பாதி ஊருக்கு விளங்கிவிட்டது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை வண்ணக்கரின் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் வந்தார். "நீங்க ஒண்டும் கதைக்கப்படாது" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். வண்ணக்கர் கதிரையைக் காட்டினார், முகத்தைக் காட்டவில்லை.

"பதிவு செஞ்சு போடுறம் எண்டு உங்கட மகன் சொல்லிட்டுத்தானே போன. மறுகா என்ன?"

"அது மகன்ட வாக்கு ஐயா. என்ட இல்ல. வாய் கட்டின நேரம் கோயிலடியில நிண்டு ஆரும் கதைச்சா நீங்க விடுவீங்களா?"

"விடமாட்டன்."

"நான் மட்டும் அந்த நேரம் மைக்கில கதைக்கணும் எண்டுறீங்க. சுவிஸில இரிக்கிற ஆக்களுக்கு அது பூசை இல்லையா?"

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவர் என் பக்கம் சாய்ந்து, இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆள் மசியிறார் போல கிடக்கு" என்றார். அடுக்களையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. வண்ணக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கடுமையாகத்தான் சொன்னார்: "சரி புள்ள. பேசாமச் செய்ங்க. ஆனா ஒரு பாட்டு, ஒரு இருமல், ஒரு உறுமல் வந்திச்செண்டா, அதோட சரி. இனி ஒரு காலத்துக்கும் இந்தக் கோயிலுக்க மைக் வராது." நான் ஓம் என்றேன். ஆகவே இது கடைசி வாய்ப்பு என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏற்றுக்கொண்டேன்.

ஜெனரேற்றரை மடத்துக்குப் பின்னால் கொண்டுபோக ஒத்துக்கொண்டார்கள். நடு மதியத்தில் அந்தக் கொஞ்ச நேரம் அதை நிறுத்தி வைத்தாலும் ஒன்றும் இருண்டுபோகாது என்றேன், அதற்கும் ஓம் என்றார்கள். கச்சான்காரப் பிள்ளையைக் கண்டேன். "அக்கா, இந்த முறை போனை வீட்டில வெச்சிட்டு வாறன், சாமி சத்தியமா" என்றாள். காத்தான்குடிக்குப் போய் மைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணனிடம், நாம் நானா என்கிறவரிடம், சொந்தச் சத்தம் குறைந்த மைக் ஒன்று கேட்டேன். ஒவ்வொரு மைக்கும் தனக்குள்ளே மெல்ல இரைந்துகொண்டுதான் இருக்கிறது, ஆட்கள் பேசும்போது அது தெரியாது. நானாவுக்கு ஆச்சரியம். "எங்க வைக்கப் போறீங்க தங்கச்சி?" "ஒருத்தரும் கதைக்காத இடத்தில." "அப்பிடி ஒரு இடம் இரிக்கா? சொல்லுங்க, நானும் வந்து இரிக்கன். வீட்டில ஏலாம இரிக்கி." நல்ல மைக்காகத்தான் தந்தார்.

ஆனாலும் உன் கேள்வி நியாயமானது. மெல்லியது கேட்காத காதோடு மெல்லியதை எப்படி ஒலிபரப்புவது? மெல்லியதற்காகக் கூட்டி வைத்தால், மணி விழும்போது கேட்கிறவனின் காது என்னாவது? முதலாவதற்கு, கருவியும் இருக்கிறது, மிக்ஸரில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள்ளும் இருக்கிறது. முள் நடுங்குகிற வரை அங்கே உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டாவதற்குக் காதே வேண்டாம், மகன். மணி முதலில் கண்ணுக்குத்தான் வரும். இத்தனை வருடம் பேசிக்கொண்டே நான் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். திரையின் கரை கீழிருந்து ஒருமுறை உள்ளே இழுபடும். மணிக்கயிற்றில் இருக்கிற கை இறுகும். அதன் பிறகுதான் கயிறு இறங்கும். அந்த இடைவெளிக்குள் என் விரல் மிக்ஸரில் சத்தத்தின் மட்டத்தைக் கீழே கொண்டுவந்துவிடும். மெல்ல, ஒருவருக்கும் தெரியாமல். இயந்திரம் மணியைக் கேட்ட பிறகுதான் குறைக்கும். நான் மணிக்கு முன்பே குறைப்பேன். முழுக்கக் குறைக்கமாட்டேன். மணி மணியாகத்தான் விழவேண்டும். சலவை அறையில் நிற்கிற அக்கா திடுக்கிடவேண்டும், ஆனால் நோகக்கூடாது. வீட்டில் அப்பாவை மணிக்காரனாக நிறுத்தி, கிணற்றுக் கயிற்றை இழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டார் எங்கள் இருவருக்கும் என்னவோ பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

முன்கூட்டியே கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுவேன்: இனி நான் பேசமாட்டேன், லைன் அறுந்துவிடவில்லை, முடிந்தால் சுற்றியிருப்பவற்றை நிறுத்திவையுங்கள், போனைக் கொஞ்சம் கூட்டுங்கள். அதற்கு மேல் அவர்களை நம்பவேண்டியதுதான்.

உன்னிடம் வேண்டுவது இரண்டு. கல்யாணத்துக்கு முன் ஒரு பின்னேரம் என்னோடு இருந்து, தானாகப் பாட்டுப் போடுகிறதையும் தானாக ஏற்றி இறக்குகிறதையும் எப்படி நிறுத்துவது என்று எனக்குக் காட்டித் தா. நீயே நிறுத்தி வைத்துவிட்டுப் போகாதே. நான் நிறுத்த வேண்டும், பூசை முடிந்ததும் நானே திரும்பப் போடவேண்டும். இரண்டாவது, அன்றைக்குக் கோயிலுக்கு வந்து மிக்ஸருக்குப் பக்கத்தில் நிற்காதே. வருவேன் என்று அடம்பிடிப்பாய், தெரியும். நீ நின்றால் முள் கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க உன் கையால் ஏலாது. அது தானாகக் குமிழைத் தேடிப் போகும். அதுவும் தவிர, புது மாப்பிள்ளை தன் வீட்டைவிட்டு ஓடிவந்து அம்மாவின் காதுக்குக் காவல் நிற்பதை நான் விரும்பவில்லை.

நீ களுதாவளையில் இரு. அடுக்களையில் இருந்து கேள். உன் விலை கூடிய ஹெட்போன் வேண்டாம், ஊர்ச் சனம் கேட்கிற மாதிரிப் போன் ஸ்பீக்கரில், அடுப்பு எரிய, வெளியே கோழி கிளற, அதற்குள் கேள். தர்சினியும் பக்கத்தில் இருக்கட்டும். மணி அடித்து முடிந்ததும் அவளிடம் என்ன கேட்டது என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை இரு. பிறகு எனக்கு எடு. அம்மா பாவம், மனம் நோகும் என்று பொய் சொல்லவேண்டாம். இத்தனை வருடத்தில் என் ஒலிபரப்பை வெளியே இருந்து கேட்டு எனக்கு உண்மை சொன்ன ஆள் ஒருவர்தான், அவரும் சுவிஸில் இருக்கிறார். எனக்கு இன்னொருவர் வேண்டும். பாட்டும் இருமலும் உறுமலும் வராமல் பார்ப்பது என் பொறுப்பு, வண்ணக்கருக்கு நான் கொடுத்த வாக்கு. ஆனால் மணலும் மூச்சும் திரையும் அந்த அடுக்களை வரை வந்து சேர்ந்ததா என்பதை நீங்கள் இரண்டு பேரும்தான் சொல்ல முடியும். வந்தது என்றால் சந்தோஷம். வரவில்லை என்றால், வரவில்லை என்று சொல். அடுத்த வருடம் மைக்கை இன்னும் ஒரு முழம் கிட்டத்தில் வைப்பேன்.

அம்மா